பாண்டித்துரை ஒப்புக்கொண்ட விரிசல்கள்

கமுதிப் பக்கத்து மிளகாய்க் கொல்லையும் மீசையும் பாண்டித்துரைக்குப் பரம்பரையாக வந்தவை. இராமநாதபுரம் டவுனில் நிற்கும் எட்டு வீட்டு மாடிக் கட்டடம் மட்டுமே அவராகக் கட்டியது. நல்ல தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்க மனம் வராமல், போர்த் தண்ணீரிலேயே காங்கிரீட் குழைத்தார். பருப்பு வேகாத அந்த உப்புத் தண்ணீரில், உள்ளே இருந்த கம்பி மட்டும் இருபது வருஷமாக வெந்துகொண்டிருந்தது.

வாடகை குறைவு. குறை சொல்கிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "இது பாறை. பிடிக்கலேன்னா வேற எடம் பாத்துக்க." சீலிங் பெயர்ந்து அடுப்படியில் விழுகிறது என்று மாடி வீட்டு மகேஸ்வரி சொன்னபோது, "மூடி போட்டுச் சமை தாயி" என்று அக்கறையாக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்.

இந்த நிலையில்தான் நகராட்சி அறிவிப்பு வந்தது. குறைந்த வாடகைக்கு விடும் பழைய கட்டடத்தைச் செப்பனிட்டால் ஐந்து வருஷத்துக்கு வீட்டு வரியில் பாதி தள்ளுபடி. வாடகையை மட்டும் ஏற்றக் கூடாது. வேலை தொடங்குமுன் இன்ஜினியர் வந்து பார்த்து, பழுது உண்டென்று எழுதித் தர வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

இன்ஜினியர் வியாழக்கிழமை வருவதாகத் தகவல். அவர் பழுதைப் பார்க்கத்தான் வருகிறார் என்பது பாண்டித்துரைக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஆபீசர் வருகிற இடம் அழுக்காக இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? நம் பக்கத்தில் ஆபீசர் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்போம். வாசல் வேப்பமரத்துக்கும் இடுப்பளவு அடிப்போம். மூன்றே நாளில் விரிசலெல்லாம் பட்டி வைத்து அடைத்து, கட்டடம் முழுக்க இளமஞ்சள் பூசிவிட்டார்.

இன்ஜினியர் மதார் அண்ணாந்து பார்த்தார். "பொண்ணு பாக்கக் கூப்ட்ட மாதிரியில்ல இருக்கு! இதுல என்னத்தண்ணே பழுதுன்னு எழுத? நல்லா இருக்குன்னு எழுதிட்டுக் கெளம்புறேன்."

தள்ளுபடியும் போச்சு, பெயிண்ட் காசும் போச்சு. பாண்டித்துரை அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார். "உள்ளுக்குள்ள பூராம் உளுத்துப் போச்சு சார்! குடியிருக்கவுகளக் கேளுங்க."

கேட்டார். வெளியாள் முன்னால் வாயைத் திறந்தால் மறுமாசம் சட்டிமுட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்பது கீழ்வீட்டு ஆட்டோக்காரர் செல்லச்சாமி அறிந்த பாடம். கையைக் கட்டிக்கொண்டு, "பாறை சார்" என்றார்.

"ஒரு கொறையுமில்ல. அய்யா தங்கமா வச்சிருக்காக" என்றாள் மகேஸ்வரி.

"ஏலே செல்லச்சாமி, உண்மையச் சொல்லு!"

"அய்யா சொன்னதத்தானே சொல்றேன்?"

மதார் பேனா மூடியைத் திறந்தார். பாண்டித்துரை வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எழுதுங்க சார். மூணாம் நம்பர் கக்கூஸ் குழாய், ரெண்டு வருசமா ஒழுகுது. அஞ்சாம் நம்பர்ல சுவிட்சத் தொட்டா மழையில ஷாக் அடிக்கும். ஆறாம் நம்பர் சன்ஷேடு, போன ஐப்பசி, ஒரு செவ்வாக்கெழம, இவன் ஆட்டோ மேலதான் விழுந்துச்சு." சொல்லிக்கொண்டே கம்பால் சுவரைத் தட்டினார். இளமஞ்சள் பத்தை பத்தையாக உதிர்ந்து, துருவேறிய கம்பி தெரிந்தது.

"கெழமை வரைக்கும் ஞாபகமிருக்கா அய்யாவுக்கு!" என்றாள் மகேஸ்வரி.

"இருக்கு தாயி. விட்டுப்போனத நீங்க சொல்லுங்க, கும்புட்டுக் கேக்குறேன்."

எட்டு வீட்டுக் கதவும் திறந்தது. சாயங்காலம்வரை சொன்னார்கள். மதார் இரண்டு தடவை தாள் வாங்கிவரச் சொல்லி ஆளனுப்பினார்.