செவலை உதறிய அன்று

வெயிலம்மாள் சித்திக்கு நடப்பதெல்லாம் ஆத்தா செயல். மழை பெய்தால் ஆத்தா, உளுந்து கருகினாலும் ஆத்தா. புருஷன் பூவனலிங்கத்தை விரியன் கடிக்க வைத்தது ஆத்தா, பிழைக்க வைத்ததும் ஆத்தா. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிக்குப் பங்கே கிடையாது. எங்கள் அடுத்த வீடு. எப்போதும்வென்றான் ஊர்க் காட்டில் முப்பது ஆட்டை மேய்க்கிற பொம்பளை. "ஏலே செல்வகணேசா, உனக்குப் பத்தாப்பு ஏறாததும் அவ செயல்தாம்" என்று எனக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறாள்.

புருஷன் பிழைக்க அவள் நேர்ந்துவிட்ட கிடா, செவலை. தாய் செத்த குட்டி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அவளை விட்டு நகராது.

கொடைத் திருவிழாவன்று ஆத்தா கோயில் முன்னால் அதை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். ஆடு உடம்பை உதறினால் ஆத்தா அதைக் கேட்கிறாள் என்று அர்த்தம், வெட்டலாம். மூன்று சொம்புக்கும் உதறாவிட்டால் அவளுக்கு வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். இரண்டு சொம்புக்குச் செவலை அசையவில்லை. எனக்கோ பசி, கொஞ்சம் வேடிக்கையும் வேண்டியிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவன் நான். மூன்றாவது சொம்பு விழும்போது ஒரு சோளத்தட்டை நுனியை அதன் காதுக்குள் விட்டேன். உதறியது. குலவை போட்டார்கள்.

அதற்கப்புறம் சித்தி கோயிலுக்குள் போவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ரோட்டிலேயே நின்று, தலை நிமிராமல் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். ஆடு போன துக்கம், தீர்ந்துவிடும் என்று இரண்டு மாதம் பார்த்தேன். தீரவில்லை. ஒரு மத்தியானம் உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தப்பிக்க ஒரு பேச்சும் தயாராக வைத்திருந்தேன்.

"எல்லாம் ஆத்தா செயல்னா, என் கையையும் அவதான சித்தி ஆட்டிருப்பா?"

"இப்ப வந்து சொல்லுதியே, இதுவும் அவதானா?"

"இது நானாத்தான் வந்தேன்."

"அப்ப அதுவும் நீதாம்லே."

கம்பால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தாள்.

"கொடைக்கு முந்தின நாளு செவல உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் பூசுனேன். அழகுக்குன்னு சொன்னேன். தண்ணி ஒட்டக்கூடாது, உதறக்கூடாதுன்னுதான். அப்படியும் உதறுனான். என் களவாணித்தனத்த ஆத்தா கண்டுபிடிச்சிட்டான்னு அவ மூஞ்சில முழிக்க முடியாமக் கெடந்தேன்."

கீறிக்கொண்டிருந்த கம்பு நின்றது.

"அப்ப ஆத்தா அவனக் கேக்கவே இல்ல" என்றாள், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்தாள். "கறி தின்னியாலே?"

"ரெண்டு தடவ வாங்கித் தின்னேன், சித்தி."

தலையை ஆட்டினாள். எழுந்து ஆடுகளைப் பத்திக்கொண்டு நடந்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசி ஆட்டுக்குப் பின்னால் நானும் போனேன்.