ஞாயிற்றுக்கிழமை இலை

கல்யாணப் பந்தியில் வாழையிலைமேல் தண்ணீர் தெளித்ததும் எழுந்த பச்சை வாடைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோவில்பட்டியில் இந்த மண்டபம் நிற்கும் இடத்தில்தான் எங்கள் லைன் வீடுகள் இருந்தன. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி மருந்து தீப்பற்றி உடம்பெல்லாம் வெந்த அம்மாவை, ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, அந்த வீட்டில் வாழைக் குருத்திலையில்தான் கிடத்தியிருந்தோம். கரிசல் வெக்கையில் இலை சீக்கிரம் வாடிப் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

அம்மாவோடு வேலை பார்த்த எஸ்தர் அக்காவுக்கு ஞாயிறு மட்டுமே லீவு. சர்ச்சுக்கென்று கட்டிய வெள்ளைச் சேலையோடு, சந்தையில் வாங்கிய குருத்திலையைச் சுருட்டிப் பிடித்தபடி நேரே எங்களிடம் வந்துவிடுவாள். தூரத்தில் சர்ச் மணி அடித்து ஓயும், அவள் சர்ச்சில் பாடும் பாட்டை முனகியபடியே அம்மாவைப் புரட்டுவாள், சீழ் சேலையில் படியும். மதம் மாற்ற வருகிறாள் என்று அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சபை மூப்பரும் ஒருநாள் வாசலில் நின்று அதட்டினார்.

"ஏட்டி, ஆராதனைக்கு வராம இங்கன என்ன செய்யுத?"

"ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரு அண்ணாச்சி. இவ என்னையத் தேடுவா."

"ஒங்க சாமி அம்மாவைப் பொழைக்க வைக்குமாக்கா?" என்று அவர் போனதும் கேட்டேன்.

"தெரியலட்டி. அந்தப் பக்கம் பிடி, இலைய மாத்தணும்."

அம்மா செத்துப்போன மறு ஞாயிறும் மணி அடித்தது. அப்பாதான் கதவைத் திறந்தார். வெள்ளைச் சேலையில் நின்ற எஸ்தர் அக்கா, பழக்கத்தில் வாங்கி வந்துவிட்ட குருத்திலையை அப்போதுதான் பார்த்தாள்.