தாடிக்காரனின் ஏப்ரல்

போன வாரம் என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தன்னிடமிருந்த காற்பந்து அட்டைகளில் ஆகச் சிறந்ததை ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பதிலுக்கு என்ன வாங்கினாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, அவன் கேட்டான், கொடுத்தேன் என்றான். அவன் நிம்மதியாகப் பாண் சாப்பிடத் தொடங்கிவிட்டான். எனக்குத்தான் அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. யாராவது இவனை மிரட்டுகிறார்களா, இவன் ஏமாளியாக வளர்கிறானா, ஆசிரியைக்கு எழுத வேண்டுமா. ஒரு மின்னஞ்சல் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அதையும் அழித்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு பேஸ்போல் வீரரின் தாடி ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் லண்டனில், கிங்ஸ்பரியில் இருந்தோம். எங்கள் வீட்டில் யாரும் ஒரு பேஸ்போல் ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் ரொறன்ரோவில் பெரியப்பாவின் மூத்த மகன் சொந்தக்காரர்களுக்கென்று ஒரு கற்பனை லீக் தொடங்கியிருந்தார். உண்மையான வீரர்களில் சிலரைத் தெரிந்தெடுத்து ஆளுக்கொரு அணி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீரர்கள் அங்கே மைதானத்தில் எப்படி அடிக்கிறார்களோ, அதற்கேற்ப எங்களுக்குப் புள்ளிகள் விழும். அந்த அண்ணாவுக்கு ஓர் அணி குறைந்தது. கேட்கக்கூடிய எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு என்னைக் கேட்டார். எனக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. அப்பாவுடையதைக் கொடுத்தேன். அதனால் 'கிங்ஸ்பரிக் காகங்கள்' என்ற என் அணி அப்பாவின் பெயரில் பதிவாயிற்று. ரொறன்ரோவில் பெரியப்பாவும் இப்படித்தான் மகனின் தொல்லை தாங்காமல் சேர்ந்திருந்தார். ஆகவே அந்தப் பக்கத்தைத் திறந்தால் அப்பாவின் பெயரும் பெரியப்பாவின் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன.

வேறெங்கும் அவை அப்படி நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. அப்பப்பா ரொறன்ரோவில் பெரியப்பா வீட்டில் காலமானபோது, அப்பாவின் விசா வழக்கு இங்கே முடிந்திருக்கவில்லை. போனால் திரும்பி வர முடியாது. அப்பா போகவில்லை. செத்த வீட்டில் பெரியப்பா, 'வர மனமிருந்தா வந்திருப்பான்' என்று சொன்னாராம். அதை யாரோ ஒருவர் பொறுப்பாகத் தொலைபேசியில் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தால் அம்மாதான் எடுப்பார், அப்பாவுக்கு உடனே குப்பை வாளியை வெளியே வைக்கும் வேலை ஒன்று வந்துவிடும் என்பது மட்டுமே.

அந்த ஏப்ரலில் லீக் தொடங்கியது. என் அணியில் ஒரு தாடிக்காரர் இருந்தார். படத்தில் தாடி நன்றாக இருந்ததால்தான் அவரை எடுத்தேன். தொடங்கிய நாளிலிருந்து அவர் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார். நாங்கள் தூங்கும்போது அங்கே ஆட்டம் நடக்கும். காலையில் சீருடையோடு கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தால் புள்ளிகள் விழுந்திருக்கும். இதே வேகத்தில் அடித்தால் வருட முடிவில் எத்தனை வரும் என்று பெருக்கிப் பார்த்தேன். உலகத்தில் யாரும் அவ்வளவு அடித்திருக்க முடியாது. சந்தோசத்தில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்பா தேநீர்க் கோப்பையோடு குனிந்து பார்த்தார். "ஏப்ரல்தானே பிள்ளை. முதல் மட்சிலை நூறு அடிச்சிட்டுக் காணாமப் போனவை எத்தினை பேரை நான் பாத்திட்டன்" என்றார்.

அப்பாவுக்குக் கிரிக்கெட்தான் தெரியும் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் பயம் தொற்றிக்கொண்டது. கதவைப் பூட்டிவிட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பவரின் மகள் நான். வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில், அப்பா அர்ச்சனைக்கு வழக்கம்போலப் பெயர்களையும் நட்சத்திரங்களையும் சொல்லி முடித்ததும், தாடிக்காரரின் பெயரையும் சொல்லச் சொன்னேன். ஐயர் சிரிக்காமல் அவர் என்ன நட்சத்திரம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மாதம் முடியுமுன் ஒரு நாள் காலை, அப்பாவின் மின்னஞ்சலுக்கு ஒரு வேண்டுகோள் வந்திருந்தது. பெரியப்பாவின் அணியிலிருந்து. தாடிக்காரரைத் தா, பதிலுக்கு என் ஆளை எடுத்துக்கொள் என்று. பெரியப்பாவின் ஆள் ஒரு காலத்தில் பெரிய பெயர் எடுத்த வயதானவர். அந்த ஏப்ரலில் அவருடைய மட்டை பந்தைத் தொடுவதே அபூர்வமாக இருந்தது. லீக்கில் எல்லோரும் அவரை வைத்துத்தான் பகிடி விட்டார்கள். அதற்கு மேல் பெரியப்பா ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. சம்மதம், மறுப்பு என்று இரண்டு பொத்தான்கள் மட்டும் இருந்தன.

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பெரியப்பாவின் பெயரைப் பார்த்தபடி நின்றார். ஒரு சப்பாத்து வாங்குவதற்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவர், என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் சம்மதம் என்ற பொத்தானை அமத்தினார்.

நான் அழுதேன். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்தேன். அது என்னுடைய அணி, என்னுடைய தாடிக்காரர். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டார். அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது. எனக்கு நாடா கட்டத் தெரியும்.

ஆனால் எனக்கு ஆதரவாகப் பாரிஸ் கிளம்பியது. அங்கே அத்தையின் மகன்மார் இரண்டு பேரும் லீக்கில் இருந்தார்கள். உச்சத்தில் இருக்கும் ஆளைக் கொடுத்து ஒன்றுக்கும் உதவாத ஆளை யாராவது வாங்குவார்களா, இது அண்ணனும் தம்பியும் இரகசியமாகப் பேசி வைத்துச் செய்த கள்ள விளையாட்டு என்று அவர்கள் அண்ணாவிடம் முறையிட்டார்கள். அம்மா இதைக் கேட்டதும் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பேசி வைச்சவையோ? இவையோ?" என்றார். பிறகு அடுப்பை மறுபடி மூட்டினார்.

அண்ணாவுக்கு விதிகள் என்றால் உயிர். முறைப்பாடு வந்தால் இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும் என்று தானே விதி எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பின்நேரம், ரொறன்ரோவில் காலை, எல்லோரையும் ஒரே தொலைபேசி இணைப்பில் சேர்த்தார். எங்கள் சாப்பாட்டு மேசை நடுவில் தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தோம். அப்பா அன்று சவரம் செய்து, சேர்ட் மாற்றி வந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணா நீதிபதிக் குரலில் தொடங்கினார். "சித்தப்பா, உங்கடை ஆள்தான் இப்ப எல்லாரையும் விட நல்லா அடிக்கிறான். அவனைக் குடுத்திட்டு, அப்பான்ரை அந்தக் கிழவனை ஏன் எடுத்தனீங்கள்?"

"கிழவன் பாவம்" என்றது ஒரு பாரிஸ் குரல். மற்றக் குரல் சிரித்தது.

அப்பா மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"அண்ணை கேட்டவர். குடுத்தனான்."

அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா, நீங்கள் ஏன் கேட்டனீங்கள்?" என்றார்.

பெரியப்பாவின் குரலை நான் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். அப்பாவின் குரல்தான், கொஞ்சம் கரகரப்பு.

"குடுப்பானோ எண்டு பாத்தனான்" என்றார்.

பிறகு அதே குரல், அண்ணாவை விட்டுவிட்டு, எங்கள் மேசையைப் பார்த்துப் பேசுவதுபோல, "அங்கை இன்னும் குளிரோ?" என்று கேட்டது.

"ஓம் அண்ணை" என்றார் அப்பா. "ஏப்ரல்தானே."

பெரியவர்களுக்குக் காலநிலையை விட்டால் பேச ஒன்றும் இல்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. தாடிக்காரரின் தலைவிதி அந்தரத்தில் தொங்கும்போது குளிரைப் பற்றி என்ன கதை. நல்ல வேளையாக அண்ணா விதியை மறக்கவில்லை. குடுப்பானோ எண்டு பார்ப்பது ஆட்டத்துக்கான காரணம் இல்லை, ஆகவே பரிமாற்றம் ரத்து என்று தீர்ப்புச் சொன்னார். நான் கதிரையில் ஏறி நின்று கை தட்டினேன். பாரிஸ் இணைப்பைத் துண்டித்தது. அண்ணாவும் போய்விட்டார் போலிருந்தது. அப்பா தொலைபேசியைக் கையில் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அவருடைய தேநீர் ஆறுகிறதே என்று நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்கதவில் அம்மா என்னைத் தடுத்தார்.

"ஆறட்டும், விடு" என்றார்.

மே மாதம் வந்ததும் தாடிக்காரருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. பந்து ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பெரியப்பாவின் கிழவனோ வெயில் ஏறத் தொடங்கியதும் உயிர் பெற்று அடித்துத் தள்ளினார். "உன்ரை தாடிக்காரன் சுகமோ?" என்று பெரியப்பா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் என்னிடம் விசாரிப்பார். நான் பதில் சொல்லாமல் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.

ஆனால் அந்த விசாரணை முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் இன்னும் வெற்றி மிதப்பில்தான் இருந்தேன். ஆர்ச்வேயில் முருகனுக்கு நன்றி சொல்லப் போய், அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அப்பா பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதலில் பெரியப்பாவின் பெயர். அதைச் சொல்லி நட்சத்திரத்துக்கு வாய் திறக்குமுன்னே, ஐயர் தட்டை வாங்கியபடி, "கார்த்திகை" என்று தானே முடித்தார். அடுத்து பெரியம்மாவின் பெயர். அதற்கும் ஐயரே நட்சத்திரத்தைச் சொன்னார். பிறகுதான் எங்கள் பெயர்கள் வந்தன.

ஐயருக்கு நல்ல ஞாபகசக்தி என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. தாடிக்காரருக்கு என்ன நட்சத்திரமாக இருக்கும் என்பதிலேயே என் யோசனை போய்க்கொண்டிருந்தது.