அம்மா எடுத்த ரிவால்வர்

துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயின் வாசம் தையல் மெஷின் எண்ணெயின் வாசத்தைப் போலத்தான் இருக்கும். நான் ஏழாம் வகுப்பு படித்த வருடத்துச் சாரல் காலம் முழுவதும், குற்றாலம் ரோட்டிலிருந்த எங்கள் வீட்டில், காயாத துணிகளின் வாடையோடு அந்த வாசமும் கலந்து கிடந்தது.

அப்பா ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருந்தார். அம்மா கீழப்பாவூரில் டீச்சர். முந்தின வருடம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நிலத் தகராறில் ஒருவரை மூன்று பேர் நடுரோட்டில் வெட்டியதை அம்மா பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்தாள். பஸ்ஸிலிருந்த எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆனால் போலீசில் போய்ச் சொன்னவள் அம்மா மட்டும். பிறகு மிரட்டல்கள் வரத் தொடங்கின. போலீசில் "ஏட்டய்யா"வாக இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், அலையாய் அலைந்து அவள் பெயரில் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் தனியாக விட முடியாததால் மதுரையிலிருந்த கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். மாமாவுக்குப் பிடித்தது பிஸ்டல். தட்டையாக இருக்கும், பையில் துருத்தாது, தோட்டாவும் கூடுதலாகப் பிடிக்கும் என்றார். அம்மா அதை வாங்கி மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். பாதிதான் வந்தது.

"பழகப் பழக வந்துரும்ட்டி."

"பழகின கைக்கு வரும்ண்ணே. பயந்த கைக்கு வருமா?"

கடைக்காரர் கைக்கடக்கமான ஒன்றை எடுத்து வைத்து, "லேடீஸ் இதத்தான் விரும்புறாங்க மேடம்" என்றார். அம்மா அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். "பொம்மை மாதிரி இருக்கு. பிள்ள இருக்க வீட்டுல இது வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் கனமான ரிவால்வர் ஒன்றை எடுத்தாள். அதன் உருளை பக்கவாட்டில் திறந்துகொண்டது, ஆறு ஓட்டைகளும் தெரிந்தன. "உள்ள இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துக்கிடலாம். இது போதும்." மாமா ஊர் திரும்பும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

தினமும் மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தோட்டாக்களை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, காலி உருளையை என்னிடம் காட்டுவாள். "என்ன இருக்கு?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்லம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் காப்பி கலக்கப் போவாள்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், சாரலில் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, மரியாதையான குரல். அம்மா கைப்பையைத் தோளில் மாட்டி, கையை அதற்குள் விட்டபடி வாசலுக்குப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பைக்குள்ளிருந்த ரிவால்வர் காலி என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

"டீச்சர், நாளைக்கு மேலுக்குச் சொகமில்லன்னு சொல்லிருங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"நான் நல்லாத்தான இருக்கேன்."

"பாப்பா ஆட்டோலதான பள்ளிக்கூடம் போகுது?"

அம்மா படியிறங்கிச் சாரலில் நின்றாள்.

"அண்ணாச்சி, பைக்குள்ள நான் எதப் பிடிச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். வந்த வழியப் பாத்துப் போங்க."

அவர் பையைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மறுபடியும் பையைப் பார்த்தார். திரும்பி நடந்தார்.

கதவைப் பூட்டிவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்தாள். இறுகிப்போன விரல்கள் விரியவே இல்லை; நான்தான் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பிரித்துவிட்டேன். "தோட்டாவப் போட்டுட்டுப் போயிருக்கலாம்லாம்மா?" என்று கேட்டேன்.

"நீ பின்னால நின்னேல்லா. நீ இருக்கப்ப போட மாட்டேன்" என்றாள்.

மறுநாள் ரிவால்வரை மாமாவிடம் விட்டுவிட்டுக் கூண்டில் ஏறி மூன்று பேரையும் அடையாளம் காட்டினாள். மூன்று பேருக்கும் தண்டனை கிடைத்தது. லைசென்சைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் வந்தபோது, துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும் என்று மாமா எவ்வளவோ சொன்னார். "இது இங்க இருக்க வரைக்கும் அந்த ஆளுகளோடதாண்ணே நான் குடியிருக்கேன்" என்று சொல்லி, அம்மா அதைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள்.

மாமா இப்போது இல்லை. எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த தோப்புகள் லாட்ஜ்களாகிவிட்டன. சீசனில் அருவிக்கு வழி கேட்டு யார் யாரோ கேட்டைத் தட்டுகிறார்கள். அம்மா சலிக்காமல் வழி சொல்லுகிறாள். ஆனால் கேட் சத்தம் கேட்டவுடன் எழுந்துவிடுவதில்லை. வந்திருப்பவர் வாய்திறந்து பேசும்வரை, விரல்களை இறுக்கியபடி நாற்காலியிலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.