லாட்ஜ் மெத்தை

மலைக்குளிரில் மூட்டைப்பூச்சி பிழைக்காது என்று கீழேயிருந்து வருகிறவர்கள் நம்புகிறார்கள். குன்னூரில் மழை பிடித்திருந்த ஒரு மதியம், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து ஒன்று இறங்கி, தாளின் மேல் நிதானமாக நடந்து போனது. கட்டைவிரலால் நசுக்கினேன். அழுகின கொத்தமல்லி மாதிரி ஒரு நாற்றம். அது என்ன பூச்சி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைனில் பிறந்து வளர்ந்தவள்.

அப்போது நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். என்னோடு இருந்தவர்களில் ஒருத்தி கோயம்புத்தூர்க்காரி, வங்கியில் வேலை. இன்னொருத்தி கூடலூர் பக்கத்து நர்ஸ். எங்கள் ஊரில் சீசன் முடிந்ததும் லாட்ஜ்காரர்கள் பழைய மெத்தைகளைக் கழித்துக்கட்டுவார்கள். வங்கிக்காரி அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினாள். யார் யாரோ படுத்த மெத்தை, வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். "ஏனுங்க்கா, இந்தக் குளிருக்குப் பூச்சி எங்கிருந்து வருமுங்க?" என்று சிரித்தாள்.

பிறகு மழை வந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஹீட்டர். மலையில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மூன்று கட்டில்களையும் ஹாலுக்கு இழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டு, ஹீட்டரை நடுவில் வைத்துக்கொண்டோம். பூச்சிகளுக்கு நாங்களே ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று. வெயில் எட்டிப் பார்க்காத மாதங்கள் என்பதால் எதையும் காயப் போடவும் வழியில்லை.

நான் அந்த வீட்டைக் காலி செய்யும் ஏற்பாட்டில் இருந்தேன். அம்மாவுக்கு எஸ்டேட்டில் ரிட்டையர்மென்ட். வேலை முடிந்தால் லைன் வீட்டை விட்டுவிட வேண்டும், அதுதான் அங்கே சட்டம். சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்த நாள் முதல் அம்மா எஸ்டேட்காரனுடைய சுவருக்குள்ளேயே வாழ்ந்தவர். லைனை இன்னும் லயம் என்றுதான் சொல்வார். "பிள்ளை, லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சாமானையெல்லாம் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று போனில் கேட்டபோது அவர் குரல் சின்னதாகியிருந்தது. ஊருக்குக் கீழ்ப்பக்கம் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தேன். அந்த வீட்டு ஓனரும் சரி என்றார். ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. "இப்ப இருக்கற ஊட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க" என்றார்.

சின்ன ஊர். வீட்டுக்காரர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாதவர் கிடையாது. என் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அம்மாவுக்கு வீடு இல்லை.

அதனால் சுத்தமாக வெளியேற வேண்டும் என்று இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள், மூன்று பேர் சாமானையும் ஒன்றாக வெளியே எடுத்து வெந்நீர் ஊற்றுவோம் என்று இருவரிடமும் கேட்டேன். லைனில் அப்படித்தான் செய்வோம். ஒட்டுச் சுவர் வீடுகள் என்பதால் ஒரு வீடு மட்டும் செய்து பிரயோஜனமில்லை. யார் வீட்டுப் பூச்சி என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்க மாட்டார்கள். இங்கே நர்ஸ், "எனக்கு வீசிங் உண்டு சேச்சி, மருந்து வாசனை ஆகாது" என்றாள். வெந்நீருக்கு என்ன வாசனை? வங்கிக்காரி, "எனக்கு ஒண்ணும் கடிக்கலீங்க்கா" என்றாள். சொல்லும்போதே முழங்கையைச் சொறிந்துகொண்டாள். நான் இரண்டு மூன்று தடவை கேட்டேன். கேட்கிற ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் வேண்டாத ஆளாகப் பார்த்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரம்மா படியில் என்னை நிறுத்தினார். "ஏனுங்க டீச்சர், மேல பூச்சியாமே? உங்க பெட்டியிலிருந்து வந்துதுன்னு புள்ளைங்க சொல்றாங்க. லைன் ஊட்டுல அதெல்லாம் சகஜந்தானுங்களே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. என் தட்டில் சாப்பிட்டு, என் போர்வையைக் கடன் வாங்கிப் போர்த்திக்கொண்டவர்கள், கீழே இறங்கிப் போய் நான் பிறந்த இடத்தை எடுத்து என் மேலேயே போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் மாமா பிக்கப் வண்டியோடு வந்தார். காத்திருக்கச் சொல்லிவிட்டு பாய்லரைப் பற்ற வைத்தேன். எனக்குச் சொந்தமான ஒவ்வொரு பொருளையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டேன். துணிகளை உதறி, திருப்பி, கொதிக்கிற தண்ணீரில் முக்கினேன். கட்டிலின் மூட்டுகளில் வெந்நீர் ஊற்றினேன். செத்தவை மிதந்தன. சரிவில் இருக்கிற வீடு எங்களுடையது. மேல் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் எங்கள் முற்றம் டிவி மாதிரி. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன.

வீட்டுக்காரம்மா கழுத்தில் மஃப்ளரோடு ஓடி வந்தார். "ரோட்டுல போறவங்கெல்லாம் பாக்கறாங்க டீச்சர். உள்ள வெச்சுப் பண்ணக் கூடாதுங்களா?"

"பாக்கட்டுமுங்க. பாக்கத்தான் வெளிய போட்டிருக்கேன்."

அதோடு நிற்கவில்லை. மாடிக்குப் போய் வங்கிக்காரியின் மெத்தையைப் பிடித்து இழுத்தேன். "தொடாதீங்கக்கா!" என்று கதவை மறித்தாள். நானும் விடவில்லை, படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டேன். ஓரத் தையலைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே வரிசையாக, கறுப்பாக, குட்டியும் முட்டையுமாக ஒரு குடித்தனமே இருந்தது. உறையில் லாட்ஜின் முத்திரை அழியாமல் அப்படியே இருந்தது. நர்ஸ் மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வங்கிக்காரி அழ ஆரம்பித்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாராவது கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்று விசும்பினாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் நானே மெத்தையைச் சுருட்டி மறைத்திருப்பேன்.

வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். "விடுங்க டீச்சர். கல்யாணம் ஆகப்போற புள்ள. நீங்க எப்படியும் போறவங்க. உங்களுக்கெல்லாம் பழகின சங்கதிதானுங்களே, உங்க பேருலயே இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார். அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கையை உதறினேன். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி, தோள் வரைக்கும் இருந்த தடிப்புகளை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பழகிட்டா கடிச்சா அரிக்காதுங்களா அம்மா?"

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவரின் விரல்கள், அவரை அறியாமல் மஃப்ளருக்குள் போய்ப் பிடரியைச் சொறிய ஆரம்பித்தன. மஃப்ளர் விலகியது. கழுத்தைச் சுற்றி என் கையில் இருந்த அதே தடிப்புகள்.

"உங்களுக்குமா?" என்றேன்.

"மழை புடிச்சதுல இருந்துங்க" என்றார். "வெளிய எப்படிங்க சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் தீரவில்லை. "சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. நாங்க குடிபோற ஊட்டு ஓனர் உங்க போனுக்குத்தான் காத்துட்டு இருக்காருங்க. என்னைப் புகழ வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்க."

மஃப்ளரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். நான் நகரவில்லை. மேல் வீட்டு ஜன்னல்களும் நகரவில்லை. "ஆமாங்க, பூச்சி இருக்குதுங்க" என்றார். "டீச்சரோடது இல்லீங்க. ஒரு புள்ள வாங்குன லாட்ஜ் மெத்தையில வந்துது. இப்ப எனக்கும் இருக்குதுங்க." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். "குடுங்க, தாராளமா குடுங்க" என்று சொல்லி வைத்தார்.

நான் நன்றி சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னதற்கு எதற்கு நன்றி? ஈரத் துணிகளைப் பிழிந்து வண்டியில் போட்டுவிட்டு, வண்டியை எஸ்டேட்டுக்கு விடச் சொன்னேன் மாமாவிடம். அம்மாவின் சாமான்களை ஏற்ற வேண்டியிருந்தது.