தேதி தள்ளிப்போன பாட்டு

குரல் கட்டினால் மிளகு, பனங்கற்கண்டு, வெந்நீர். மேடையில் பாடுகிறவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ஓர் ஆடி மாதத் திருவிழாவில் கட்டிய என் குரல் அடுத்த ஆடி வந்தும் திறக்கவில்லை.

ஏழாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். லாரி, ஓட்டல், மைக் செட் என்று சுற்றிவிட்டு, திருவண்ணாமலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடகனாகச் சேர்ந்தேன். அங்கேதான் அடி அண்ணாமலையிலிருந்து தேன்மொழி பாட வந்தாள். பதினைந்து வயது. கடலை பயிரிடும் அவள் அப்பா மேடை ஓரத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். ஜோடிப் பாட்டுகளை அவளோடு நான் பாடினேன். என் கரகரப்பு கூடக் கூடக் கைதட்டலும் கூடியது.

"மருந்து கிருந்து சாப்ட்டு இந்தக் குரலைக் கெடுத்துடாதீங்கண்ணா" என்று சிரிப்பாள்.

யாரோ கைபேசியில் எடுத்த எங்கள் பாட்டு ஒன்று எல்லா ஊருக்கும் பரவியது. சென்னைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். சினிமாவில் வராத தனிப்பாட்டுகள்; ஒவ்வொன்றும் ஓடியது. ஒரே வருடத்தில் வேங்கிக்கால் சாலையில் அவள் முகம் பேனரில் நின்றது. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

குரல் திறக்காததால் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்றார். அந்த வீடியோவைக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார்.

"இதுல பாடுறப்பவே உங்களுக்கு இருந்திருக்கு."

குரல்வளைப் புற்று (குரல் நாண்களில் வளரும் புற்றுநோய்). உடனே கதிர்ச் சிகிச்சை (கதிரால் புற்றை அழிப்பது) ஆரம்பித்தால் குரல் தங்க வாய்ப்பு உண்டு என்றார். தேதியும் கொடுத்தார்.

தேன்மொழிக்குச் சொன்னேன். அழுதாள். பிறகு, "பத்து நாள் பொறுக்க முடியுமாண்ணா? கதிர் வெச்சா குரல் மாறிடும்னு சொல்றாங்க. அதுக்குள்ள நாம ஒரு பாட்டு பதிவு பண்ணிடலாம். போஸ்டர்ல உங்க பேரும் வரும்" என்றாள்.

எனக்கும் ஆசை வந்தது. அதை மறைக்கக் கூடாது. சிகிச்சைத் தேதிக்கு நான் போகவில்லை.

பதிவுத் தேதி தள்ளிப்போனது. அவளுக்கு வெளிநாட்டு நிகழ்ச்சி. பிறகு புதுப் பாட்டு வெளியீடு. "அடுத்த வாரம் கண்டிப்பாண்ணா" என்பாள். நான்காம் மாதம் எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்தில் கட்டி தெரிந்தது.

"யாரைக் கேட்டுத் தள்ளிப் போட்டீங்க?" என்றார் டாக்டரம்மா. குரல்வளையையே எடுத்தார்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கட்டியிருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிகிச்சைத் தேதியை எதற்காகவும் தள்ளாதீர்கள்.

இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகப் போகிறது. மூக்கு சும்மா இருக்கிறது. காபி வாசனை கூடத் தெரிவதில்லை. கேட்டதற்குத் தாளில் எழுதி நீட்டுவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

போன வாரம் தேன்மொழி ஃபோன் செய்தாள். ஃபோனில் நகத்தால் நான் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

"சாப்ட்டீங்களாண்ணா?"

ஒரு தட்டு.

"வலி ஜாஸ்தியா?"

இரண்டு.

"எம்மேல கோவமா?"

ஒன்று தட்டினேன். அடுத்ததைத் தட்டுமுன் இருமல் வந்துவிட்டது. துளையைத் துணியால் பொத்தினேன்.

"சரிண்ணா" என்றாள். "மேடைக்குக் கூப்புடுறாங்க."

அவள் ஃபோனை வைத்த பிறகு, கோபமில்லை என்று செய்தி எழுதினேன். குரல் இருந்திருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். எழுதும்போது, எழுதியதைப் படித்துப் பார்க்க நேரம் கிடைத்துவிடுகிறது. இன்னும் அனுப்பவில்லை.