குரோஸ்தாவுக்கு நாற்பது நாள்

டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் லோம் ஊரில் வால்கோ பெனெவைத் தெரியாதவர் கிடையாது. அவனுக்குக் கதவு திறப்பவர்தான் கிடையாது. தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். அவன் மணியடித்தால் உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று அடங்கும். ஆளில்லாத வீடுபோல எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக மூடிய கதவுகளோடு பேசிப் பேசியே அவனுக்கு நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

அம்மா பெத்ரா, கோவாச்சித்சா கிராமத்து மரீனின் மூன்றாவது பெண். அப்பா பெனோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இருவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. தங்கை கல்யாணமாகி ஸ்பெயினில் இருக்கிறாள். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவனும் அவன் கம்ப்யூட்டரும் தனிக்குடித்தனம்.

ஒரு வீடியோ கேமுக்காக அவன் ஆறு வருஷமாகக் காத்திருந்தான். வாளும் மந்திரமும் டிராகனும் உள்ள விளையாட்டு. அது இன்னும் வரவில்லை. ஆனால் விளையாடுகிறவனோடு கூட நடக்கப்போகிற கூட்டாளிகள் ஆறு பேர் என்று கம்பெனி படம் காட்டிவிட்டது. ஒரு நேரத்தில் மூன்று பேரைத்தான் கூட்டிக்கொண்டு போகலாம். யார் அந்த மூவர் என்பதற்காக, பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்து அடித்துக்கொள்வதைப் போல ஞாயிறு தோறும் இதே பைத்தியம் பிடித்த எட்டுப் பேர் மீனவர் சங்கத்து அறையில் சண்டை போட்டார்கள். சண்டை முடிந்ததும் தரையில் சூரியகாந்தி விதைத் தோல் கணுக்கால் அளவு கிடக்கும்.

வால்கோவின் ஆள் குரோஸ்தா. தலையில் துணி கட்டிய ஓடக்காரக் கிழவி. கூடவே ஓர் ஆடு. முன்னோட்டப் படத்தில் பனியில் நனைந்த வீரன் ஒருவன் அவள் குடிசைக் கதவைத் தட்டுவான். யார் என்று கேட்காமலே திறந்து, "காலத் தொடைச்சிட்டு உள்ள வா, சூப்பு ஆறுது" என்பாள். அந்த இரண்டு நிமிஷத்தை வால்கோ இருநூறு தடவையாவது பார்த்திருப்பான். ஏன் என்று அவனைக் கேட்டால், அவளுடைய ஓடம் ஓட்டும் திறமை மற்றவர்களைவிடப் பதினெட்டுப் புள்ளி அதிகம் என்பான்.

எதிர்க்கட்சி மிலென். பல்செட் செய்கிறவன். அவன் ஆள் கூர்மையான காதுள்ள வில்லாளிப் பெண்.

"டேய் வால்கோ, டிராகன் எதிர்ல வந்து நிக்கும்போது உன் கிழவி என்னடா பண்ணும்? சூப்பு வைக்குமா?"

"வைக்கும். சாப்பிட்டுட்டுத்தான் சண்டைக்குப் போகணும். உன் ஆளு பனியில மூணு நாளாத் தோளத் தொறந்து போட்டுக்கிட்டு நிக்குறா. ஒரு தும்மல்கூட வரல. அதெல்லாம் நீ நம்புவே."

"தோளப் பத்திப் பேசாத. அவ கதையே அதுலதான் இருக்கு."

"அடச்சீ, தலை நரைச்ச கழுதைங்களா!" என்று மருந்துக்கடை நெவெனா விதைத் தோலை இருவர்மேலும் துப்புவாள். அவளுடைய ஆள், பேசத் தெரிந்த ஒரு கரடி.

ஆகஸ்டில் இடி விழுந்தது. ஆறு கூட்டாளிகள் அதிகம், குறைந்த ஓட்டு வாங்கும் ஒருவரை எடுத்துவிடப் போகிறோம் என்று கம்பெனி உலகம் பூராவும் ஓட்டுக் கேட்டது. கரடிக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டினார்கள். குரோஸ்தா கடைசி. கிழவியோடு நடக்க உலகத்தில் யாருக்கும் பிரியமில்லை. வால்கோ பதினொரு கடிதம் எழுதினான். பதினொன்றுக்கும், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரே பதில் வந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டால் கறுப்புக் கரை போட்டுப் படத்தோடு மரண அறிவிப்பு அச்சடித்து வாசற்கதவில் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. வாசற்கதவைப் படிக்காமல் யாரும் ரொட்டி வாங்கப் போவதில்லை. வால்கோவும் குரோஸ்தாவின் படத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடை ஸ்னேஜாவிடம் போனான்.

"வயசு?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

"துக்கத்துல என்னத்தையாவது பேசாதீங்க. முகத்தப் பாத்தாலே தெரியுதே, எண்பத்தொண்ணுன்னு போடறேன்."

அடியில், 'ஆறாத் துயரில் குடும்பத்தார்' என்ற வரியையும் அவன் விலாசத்தையும் அவளே வழக்கப்படி சேர்த்துவிட்டாள். சங்கத்துக் கதவுக்கு ஒன்றுதான் அவன் நினைத்தது. பசை மிச்சமிருந்ததால் எங்கள் கட்டடத்துக் கதவிலும் ஒன்றை ஒட்டிவிட்டான்.

காலையில் கதவின் முன்னால் கூட்டம். பெனெவ் வீட்டில் குரோஸ்தா யார்? ஊரில் எல்லார் வீட்டு உறவுமுறையும் எனக்கு மனப்பாடம் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெத்ரா வழியில் ஏழு பேரை எண்ணிப் பார்த்து, பெனோ வழிக்குத் திரும்புவதற்குள், தரைத்தளத்துத் தின்கா முந்திக்கொண்டாள்.

"எங்க அப்பாவோட சித்தி பொண்ணுடி இவ! வெள்ளம் வந்த வருஷம் ருமேனியாக்கார ஓடக்காரனோட அக்கரைக்குப் போனவ. கண்ணப் பாருங்க, எங்க வீட்டுக் கண்ணு. பெத்ராவுக்கு ஞானஸ்நானத்துல ஞானத்தாயா நின்னது இவ அம்மாதான்."

கண்ணும் சரியாக இருந்தது, ஓடமும் சரியாக இருந்தது. அப்படி ஒரு குரோஸ்தா இருந்ததும் மெய்தான். அறுபது வருஷமாக அவளைப் பற்றிச் சேதியில்லை. நானும் தலையாட்டினேன். இல்லையென்று சொல்ல நான் யார்?

மத்தியானம் வால்கோ வீட்டு மணி அடித்தது. திறந்தால் பதின்மூன்று பேர். இறந்தவர்களுக்குப் படைக்கிற வழக்கப்படி அவித்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் தூவி, திராட்சைச் சாராயமும் மெழுகுவத்தியுமாக நின்றோம்.

"அத்தை, அது வந்து... அவங்க கம்ப்யூட்டர்ல..."

"ஆமாப்பா, இப்பல்லாம் நல்லது கெட்டது எல்லாம் கம்ப்யூட்டர்லதான் வருது. அழாத. நாற்காலியப் போடு" என்றாள் தின்கா.

வால்கோ நாற்காலியைப் போட்டான். தன் வீட்டில் எத்தனை நாற்காலி என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு. மற்றதை நாங்கள் கீழிருந்து தூக்கி வந்தோம்.

சிரிக்கலாம் என்று வந்த மிலெனும் நெவெனாவும் வாய் நிறையக் கோதுமையோடு மூலையில் மாட்டிக்கொண்டார்கள். தின்கா குரோஸ்தாவின் சரித்திரத்தை ஆரம்பித்தாள். உறைந்த டான்யூபில் ஆட்டை முன்னால் விட்டு, அது மிதித்த இடத்தில் மிதித்து அக்கரை போனது. கூலி தராத வரி அதிகாரியை நடு ஆற்றில் இறங்கச் சொன்னது. நானும் ஒன்று சொன்னேன், அவள் ஒரு குருவானவரின் தாடியைப் பிடித்தது. அது உண்மையில் வேறொருத்தி. ஆனால் சபையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

மிலென் எல்லாவற்றையும் போனில் பிடித்தான். நெவெனா இங்கிலீஷில் எழுத்துப் போட்டு ரசிகர்கள் பக்கத்தில் ஏற்றினாள். ஒரு வாரத்தில் பிரேசில்காரன் அழுதான், கொரியாக்காரன் மெழுகுவத்தி ஏற்றினான். ஓட்டுப் போடாத உலகம் முழுக்க இப்போது கிழவிக்காகக் கம்பெனியைத் திட்டியது.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குரோஸ்தாவைத் திரும்பச் சேர்க்கிறோம், இந்தக் கதைகளோடு. கதைகளுக்குச் சம்மதம் என்று மறைந்த அம்மையாரின் நெருங்கிய உறவினர் கையெழுத்திட்டுத் தர வேண்டும், பத்து நாளுக்குள். இல்லையென்றால் அவளில்லாமலே விளையாட்டு வெளியாகும்.

வால்கோ தாளோடு தின்காவிடம் ஓடினான். நெவெனா படித்துச் சொன்னாள். தின்கா தாளை மடித்து அவன் கையிலேயே வைத்தாள்.

"செத்து இன்னும் மூணு வாரம் முடியல. நாப்பது நாளு ஆத்மா வீட்டச் சுத்திக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள அவளத் தூக்கி டிராகனோட சண்டைக்கு அனுப்பணுமா? என்ன பொழப்புடா இது!"

வேறு வழி இல்லை. வால்கோ உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அத்தை, குரோஸ்தான்னு யாருமே இல்ல. அது வரைஞ்ச படம்."

"யாரு வரைஞ்சது?"

"கம்பெனிக்காரங்க."

"ஆளப் பாக்காம எப்படிடா வரைவாங்க?"

"மனசுல தோணினத வரைவாங்க அத்தை."

"எங்க வீட்டுக் கண்ணு அவங்க மனசுல எப்படித் தோணும்? அக்கரையில யாரோ அவளப் பாத்திருக்காங்க. பாத்துத்தான் வரைஞ்சிருக்காங்க." பிறகு குரல் இறங்கியது. "அவ போனப்ப வழியனுப்பக்கூட எங்க அப்பா விடல. அறுபது வருஷம் கழிச்சு இப்பத்தான் அழுதேன். அப்ப நான் அழுதது யாருக்குடா?"

வால்கோ நெவெனாவைப் பார்த்தான்.

"குரோஸ்தாவுக்குத்தான் அத்தை."

"அப்படிச் சொல்லு. நாப்பது முடியட்டும், கையெழுத்துப் போடறேன். இன்னொண்ணு. தோளத் தொறந்து போட்ட அந்தப் பொண்ணு இவளுக்குப் பின்னால நடக்கணும், முன்னால நடக்கக் கூடாது. எழுது."

அதையெல்லாம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, வால்கோ இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தான். பத்து நாள் கேட்டவர்களிடம் யாராவது நாற்பது என்பார்களா? கிழவி இரண்டாம் முறையும் செத்தாள் என்றே முடிவு கட்டினான். மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் குடும்பத்தின் மரபுக்குத் தலைவணங்குகிறோம், காத்திருக்கிறோம், நடை வரிசையும் சரிசெய்யப்படும். விளையாட்டு மூன்று வாரம் தள்ளிப் போயிற்று. காரணம் தெரியாமல் உலகத்து ரசிகர்கள் கொதித்தார்கள். மிலெனும் மறந்துபோய் அவர்களோடு சேர்ந்து திட்டினான்.

நாற்பதாம் நாள் தின்கா கறுப்புடையில், 'அப்பாவின் சித்தி மகளின் சார்பில்' என்று கையெழுத்துப் போட்டாள்.

நவம்பரில் விளையாட்டு வந்தது. வந்த நாளிலிருந்து வால்கோ வேலை முடிந்ததும் குரோஸ்தாவோடு நடந்தான். நவம்பரில்தான் எங்களுக்கு, கல்லறைக்குப் போய்ப் படைக்கிற இறந்தவர்களின் சனிக்கிழமையும் வரும். குரோஸ்தாவுக்கு இங்கே கல்லறை இல்லையே என்று தின்கா தன் புருஷனின் கல்லிலேயே அடியில் இடம் விட்டுக் கொடுத்து, பெயரை வெட்டச் சொல்லிவிட்டாள். கோதுமை அவிப்பது வால்கோவின் பொறுப்பு. குடும்பத்தார் என்று அச்சில் போட்டிருக்கிறதே, வேறு யார் செய்வது? அடுத்த வருஷமும் அவன்தான், அதற்கடுத்த வருஷமும் அவன்தான்.

அன்று கல்லறையில், தூறலில் தின்கா மண்ணில் ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தாள். மிலென் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்.

"எது வரைக்கும் போயிருக்கே?"

"பனிக்கோட்டை. நேத்து அவளுக்குத் தோள்ல நல்ல காயம்."

தின்கா திரும்பினாள். "யாருக்குடா காயம்?"

வால்கோ கிண்ணத்தை நீட்டினான். "ஒண்ணுமில்ல அத்தை. எடுத்துக்குங்க. குரோஸ்தா நெனப்புக்கு."